கடலடியில் இறையிலி

முசலிக் கரையோரத்து ஊர்ப்பெயர்களை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தாலே அந்நிலத்தின் வரலாற்றிற் பாதி விளங்கிவிடும். சிலாவத்துறை என இன்று எழுதப்படுவது சலாபத்துறை என்பதன் திரிபு என்பர். முத்துக்குளிப்பு நடைபெறும் பருவத்தையும் களத்தையும் சலாபம் என்றே நம் முன்னோர் வழங்கினர். அதன் வடக்கே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், அரிப்பு. தெற்கே கொண்டச்சிக் குடா. இன்னுந் தெற்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்தில், மறிச்சுக்கட்டி. இக்கரைக்கு எதிரே ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற் கிடக்கும் பார்களில் விளைந்த முத்துக்காகவே நாயக்கரும் சேதுபதியும், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இவ்வறண்ட நிலத்தின்மீது கண் வைத்தனர். 1925இல் நடந்ததே கடைசிப் பெருங்குளிப்பு. அதன்பின் பார்கள் ஓய்ந்தன.

மத நிறுவனங்களுக்கு வரிவிலக்கும் தனிச் சட்டச் சலுகைகளும் இருத்தல் வேண்டுமா என்ற வினாவைப் பற்றி எழுதப் புகுந்த நாம், முத்துப் பாரிலிருந்து தொடங்குவது ஏன் என்று வாசகர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. ஆசிரியர் கலாசாலைகளிலும் பல்கலைக்கழக மன்றங்களிலும் இவ்வினா விவாதிக்கப்படும் முறை பெரும்பாலும் ஒன்றே. இறைவனுக்குரியதில் அரசுக்கு என்ன பங்கு என்பர் ஒரு சாரார். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் சொத்துடைய நிறுவனங்களே. சொத்துடையோர் எவராயினும் வரி செலுத்துக என்பர் மறுசாரார். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வரிவிலக்கு ஆகாயத்திலிருந்து இறங்குவதன்று. ஒருவர் செலுத்தாது விட்ட பங்கை இன்னொருவர் செலுத்தியே தீரவேண்டும். நிலத்தில் அந்த இன்னொருவரைத் தேடிப் பிடிப்பது கடினம். அவர் ஆயிரம் ஊர்களிற் சிதறிக் கிடக்கிறார். முசலிக் கடலிலோ அவரை நேருக்கு நேர் காணலாம். கல்லின்மீது காலூன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் கடலடியில் இருந்துவிட்டு மேலே வருகின்ற குளியாளே அவர்.

இறையிலி என்ற சொல் நமக்குப் புதிதன்று. தேவதானம், பள்ளிச்சந்தம், பிரமதேயம் என்று கல்வெட்டுகள் அடுக்கும் நிலவகைகளைப் பள்ளி மாணவரும் ஒப்புவிப்பர். அருவியாற்றின் மேற்புறத்தில், மல்வத்து ஓயா என்ற பெயருடன் அதே ஆறு பாயும் அனுராதபுரப் பகுதியில், 9ஆம் 10ஆம் நூற்றாண்டுகளில் நாட்டப்பட்ட அத்தாணித் தூண்கள், விகாரை நிலங்களுள் அரச அலுவலர் புகலாகாது, அங்குள்ள வண்டியையும் மாட்டையும் ஆளையும் பிடித்துச் செல்லலாகாது என்று ஆணையிட்டன. ஆற்றின் கீழ்ப்புறத்தில், மாதோட்டத்தில், சோழராட்சிக் காலத்தே தாழி குமரன் என்ற அதிகாரி இராசராச ஈச்சரம் எனும் கோயிலை எடுப்பித்து அதற்கு நிலம் விட்டான். ஓராற்றின் இரு முனைகளிலும் இரு மதங்கள், முறை ஒன்றே. இங்கே நாம் கவனிக்கவேண்டியது, இறையிலி நிலத்தை உழுத குடியானவனுக்கு இறை இல்லாமற் போய்விடவில்லை என்பதாகும். அவனிடமிருந்து வாங்குபவர் மாறினரேயன்றி அவன் கொடுப்பது மாறவில்லை. மன்னன் தன் களஞ்சியத்தைத் திறந்து தருமம் செய்தான் என்று மெய்க்கீர்த்தி பாடுவோர் இதனைச் சொல்லார்.

நிலத்தில் நிலவிய இம்முறையே கடலுக்கும் பின்னர் நீட்டப்பட்டது. கடலை வேலியிட்டு அளக்கவியலாது. ஆகவே அங்கே அளவுகோல் கல். குளிக்கும் தோணி ஒன்றில் வழக்கமாக ஐந்து கற்கள் இருக்கும், குளியாட்கள் பதின்மர். ஒரு கல்லுக்கு இருவராக முறை வைத்து இறங்குவர். ஒருவர் மேலே மூச்சு வாங்கும்போது மற்றவர் கீழே சிப்பி பொறுக்குவார். கயிறு பிடிப்பவர் தோணியில் நிற்பார். இத்தனை கற்களுக்கு உரிமை, இத்தனை கற்களுக்குத் தீர்வை என்று ஆட்சியாளர் கணக்கெழுதியபோது, அவர்கள் உண்மையில் எண்ணியது மனிதரின் மூச்சையே.

போர்த்துக்கேயரின் கதையை முதலிற் பார்ப்போம். 1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர்க்கும் முஸ்லிம் முதலாளிகளுக்கும் குளிப்புரிமை தொடர்பாக மூண்ட பகையில், பரதவர் தலைவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துக்கேயரின் துணையை நாடினர். துணை கிடைத்தது, விலையும் கேட்கப்பட்டது. சில ஆண்டுகளுள் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பர். அவர்களது நம்பிக்கையின் உண்மையை ஐயுறுவதற்கு நமக்கு உரிமையில்லை. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் வழித்தோன்றல்கள் அதனைக் காத்து வந்துள்ளனர். ஆயின், மதம் மாறிய அந்த நாளில், பாரின்மீதான உரிமையும் மதத்தின் பெயரால் எழுதப்படலாயிற்று என்பதை வரலாற்று மாணவர் மறுக்கவியலாது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். ஊர்தோறும் சிறுவருக்கு மந்திரங் கற்பிக்கவும் கோயிலைப் பேணவும் அவர் ஆட்களை நியமித்தார். அவர்களை அக்காலத்துப் போர்த்துக்கேய ஏடுகள் நம்முடைய ‘கணக்கப்பிள்ளை’ என்ற சொல்லின் திரிந்த வடிவத்தாலேயே குறிக்கின்றன. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருவது? முத்துக்குளித்துறை மக்கள் செலுத்திய திறையில் ஒரு பங்கு போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் பாதணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. தேசாதிபதி மார்த்தீம் அபோன்சோ டி சூசா அதிலிருந்து 4,000 பணத்தை இப்பணிக்கு விட்டார், அரசியும் இசைந்தாள். அரசி தன் பாதணியைத் துறந்து திருச்சபைக்கு ஈந்தாள் என்று பக்தி நூல்கள் உருக்கமாக எழுதும். அந்தப் பாதணி வாங்கப்படவிருந்த காசு யாருடையது? லிஸ்பனில் எவரும் முத்துக் குளித்ததில்லை. அக்காசு ஊர்ச் சிறுவரின் எழுத்தறிவுக்கே திரும்பி வந்தது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். மத நிறுவனத்துக்கு அரசு விட்டுக்கொடுத்த வரிகளுள் கொடுத்தவரிடமே ஓரளவேனும் திரும்பியது இது என்பதால், இக்கதையில் நமக்குக் கசப்பு மட்டும் இல்லை.

1560இல் மன்னாரும் 1658இல் அதே மன்னார் ஒல்லாந்தர் வசமும் வீழ்ந்தன. புதிய ஆட்சியாளர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பதைக் குற்றமாக்கினர். பதவி வேண்டுமாயின், திருமணமும் வாரிசுரிமையும் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமாயின், சீர்திருத்தச் சபையின் பதிவேட்டில் பெயர் இருத்தல் வேண்டும். முஸ்லிம்களோ அயலார் எனக் கணிக்கப்பட்டு ஊழியத்துக்கு உள்ளாக்கப்பட்டனர். ஒரு மதத்துக்கு அளிக்கப்படும் சலுகை மற்றவருக்கு விதிக்கப்படும் தண்டமாக எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அவ்வொல்லாந்தரே முத்துக்குளிப்பில் வேறொரு கணக்கு வைத்திருந்தனர். இரு கரையிலும் பழைய உரிமை கொண்டாடியோர்க்குத் தீர்வையில்லாக் கற்கள் விடப்பட்டன. மதுரை நாயக்கருக்கு 96½ கல். சேதுபதிக்கு 60 கல். பரதவரின் பட்டங்கட்டிமாருக்கும் பங்குண்டு. தென்னாட்டுக் கோயில்கள் சிலவற்றுக்கும் இவ்வாறு தோணியுரிமை இருந்ததுண்டு. நாயக்கரின் 96½ கல்லை அக்கணக்கு மேலும் பகுத்துக் காட்டுகிறது: கிறித்தவர் 4, இந்துக்கள் 3½, முஸ்லிம்கள் 89. சேதுபதியின் அறுபதும் முஸ்லிம் கற்களே.

இவ்வெண்களின் முன் சற்றே நின்று சிந்திக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். மீனாட்சி கோயிலுக்கும் இராமேசுவரத்துக்கும் கொடை வழங்கிய மன்னர் குலங்கள் அவை. அவர்களின் வரியில்லாக் கற்களில் இறங்கி எழுந்தோரோ மிகப் பெரும்பாலும் இசுலாமியர். மதத்தின் பெயரால் கடலைப் பங்கிட்டுக்கொண்ட மேலோர், மூச்சடக்கும் வேளை வந்தபோது எவர் மதத்தையும் பார்க்கவில்லை. அரைக்கல் என்பது என்ன என்று ஒரு மாணவர் கேட்டார். ஒரு கல்லுக்கு இருவர் என்பதால் அரைக்கல் என்பது ஒரு மனிதனே என்று கொள்ளலாம் என்றோம். ஏட்டில் அவனுடைய பெயர் இல்லை. பின்னமாக அவன் இருக்கிறான்.

ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென்று அரிப்பில் 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டிய மாளிகையின் எச்சம் இன்றும் கடற்கரை மேட்டில் சரிந்து நிற்கிறது. அக்காலத்துச் சலாபத்தை நேரிற் கண்டு எழுதிய ஐரோப்பியர் அனைவரும் விரும்பி வருணித்த ஒருவர் உண்டு, அவர்தாம் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர். அவர் கரையில் இருந்து மந்திரம் ஓதாவிடின் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். எனவே கிறித்தவ அரசு தன் பொதுப்பணத்திலிருந்து அவருக்குக் கூலி கொடுத்தது. தோணிகளிலிருந்து நாள்தோறும் சிப்பியும் அவருக்குச் சேர்ந்தது. பிற்காலத்தில் அரிப்புக்கு வந்த எமர்சன் தென்னன்ற், அப்பரம்பரையின் அந்நாளையத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று குறித்துள்ளார். தலைவர் நோயுற்றிருந்தமையால் ஒரு பிரதிநிதி வந்திருந்தாராம். மந்திரம் தமக்குத் தெரியாதென்றும், தலைவரின் ஆள் என்ற முறையில் சுறாக்கள் தம்மை மதிக்குமென்றும் அவர் உறுதி கூறினாராம்!

நகைப்பதற்குரியதுதான். எனினும், நாம் இதுவரை கண்ட சலுகைகளுள் உழைப்பாளியே வேண்டிப் பெற்ற சலுகை இஃதொன்றே என்பதை நகைப்போர் எண்ணிப் பார்க்கவேண்டும். அவனுக்கு உண்மையான அச்சம் இருந்தது. அவ்வச்சத்தைப் போக்கக் கடல்கட்டியின் கூலியினும் மலிவான வழி அரசுக்குக் கிடைக்கவில்லை. கடல்கட்டிக்குக் கொடுத்தது கருணையன்று, உற்பத்திச் செலவு.

மறுபுறத்தில் அதே அரசு தனது சொந்தத் திருச்சபைக்குக் கொடுத்ததைப் பற்றி எந்தப் பயண நூலும் வேடிக்கையாக எழுதவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் மேற்றிராணியாருக்கும் குருமாருக்கும் இலங்கையின் பொதுக் கருவூலத்திலிருந்து சம்பளம் வழங்கப்பட்டு வந்தது. சலாபத்தின் வருமானமும் அக்கருவூலத்துக்கே சென்றது. பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் கொடுத்த வரியில் சிறுபான்மையுள்ளும் சிறுபான்மையான ஒரு சபை பேணப்பட்ட இவ்விந்தை 1881இல் இயற்றப்பட்ட சட்டத்தினாலேயே முடிவுக்கு வந்தது.

கண்டி நாட்டில் நடந்தது இதனினும் ஆழமானது. 1832இல் இராசகாரியம் எனும் கட்டாய ஊழியத்தை ஆங்கில அரசு ஒழித்தது என்று நம் பாடநூல்கள் பெருமையுடன் கூறும். அரசுக்குச் செய்யவேண்டிய ஊழியமே ஒழிந்தது. விகாரைகளின் தேவாலயங்களின் நிலத்திற் குடியிருந்தோர் அவற்றுக்குச் செய்யவேண்டிய ஊழியம் அப்படியே விடப்பட்டது என்ற பின்பாதியை அவை விழுங்கிவிடும். 1870இல் வந்த சட்டம் அவ்வூழியத்தைப் பணமாக மாற்றிச் செலுத்த வழிசெய்தது, அவ்வளவே. அதாவது, அரசன்கூடக் கேட்க வெட்கப்பட்ட ஒன்றைக் கேட்கும் உரிமை கடவுளின் பெயரால் தொடர்ந்தது.

கடற்கரையிலும் இதற்கு இணையானதொன்று நிகழ்ந்தது. மேற்குக் கரையிலே ஒல்லாந்தர் விதித்த மீன்வரியை ஆங்கிலேயர் படிப்படியாகக் குறைத்துப் பின் நீக்கினர். நீங்கிய வரி மீனவரின் கூடையிலேயே தங்கியதா? இல்லை. கத்தோலிக்க மீனவர் அப்பங்கைத் தம் கோயிலுக்கு அளிக்கலாயினர் என்று தென்னன்ற் எழுதுகிறார்; நீர்கொழும்புப் பகுதியில் அது பின்னர் நெடுங்காலம் குத்தகைக்கு விடப்பட்டுத் திரட்டப்பட்டது. விருப்பக் கொடை என்பதே அதன் பெயர். ஊர் முழுவதும் ஒரே கோயிலைச் சார்ந்திருக்க, திருமணமும் அடக்கமும் அக்கோயிலின் கையில் இருக்க, அதே கடற்கரையில் மீனை இறக்கும் ஒருவர் இல்லையென்று சொல்லக்கூடிய விருப்பம் எத்தகையது? அரசின் வரியை எதிர்த்து மனுப்போட ஒரு கச்சேரி இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

1905இன் சலாபம் முசலி கண்டவற்றுள் மிகப் பெரியது. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, பாரசீகக் குடா என எங்கிருந்தோ வந்த குளியாட்களும் வணிகரும் மறிச்சுக்கட்டிக் காட்டோரத்தில் சில வாரங்களுக்கு ஒரு நகரத்தையே எழுப்பினர். அவ்வாண்டு திசம்பரில், உலகின் மறுகோடியில், பிரான்சு நாடு அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். 1789க்கு முந்திய பிரான்சில் குருமார் வரி செலுத்தவில்லை. தாமே மனமுவந்து அளிக்கும் கொடை என்று ஒரு தொகையை மன்னனுக்குத் தந்தனர். புரட்சி அவர்களின் பத்திலொரு பங்கையும் ஒழித்தது, நிலத்தையும் நாட்டுடைமையாக்கியது. அந்நிலத்தைப் பெரும்பாலும் வாங்கியவர் காசுள்ளோரே; உழுதவர் பலருக்கு அது எட்டவில்லை. சலுகையை நீக்கினால் மட்டும் போதும், நீதி தானே வந்துவிடும் என்று நம்பும் நண்பர்களுக்கு இதனை நினைவூட்டுகிறோம். இங்கேயும், பார்களைப் பழைய உரிமைக்காரர் எவருக்கும் பங்கின்றித் தன் முற்றுரிமையாக்கிக்கொண்ட அரசு, 1906இல் அவற்றை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு இருபதாண்டுக் குத்தகையாக ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. அக்கம்பெனி 1912க்குள் கலைந்தது. தெய்வத்தின் கல் போய்ப் பங்குதாரரின் கல் வந்தபோதும் குளியாளின் மூச்சு நீளவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னரும் முன்னரும் இயற்றப்பட்ட சட்டங்களை இவ்வெளிச்சத்திலேயே நாம் படித்தல் வேண்டும். 1932இல் இலங்கையில் வருமானவரி புகுத்தப்பட்டபோது, பொதுத்தன்மை வாய்ந்த மத, தரும, கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1972இன் நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு வரம்பு கட்டியது. விகாரைக் காணிகள் அவ்வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன. நாட்டின் நிலவுடைமையை மாற்றவென்று புறப்பட்ட ஓர் இடதுசாரிக் கூட்டரசு, நிலமானியத்தின் மிகப் பழைய வடிவத்தின் முன் கைகூப்பி நின்றதை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டின் அரசியல் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தை வழங்கியது. 1978இன் யாப்பு 9ஆம் உறுப்புரையில் அதனைத் தொடர்ந்தது.

இவ்விடம் எத்தகையது என்பதை 2003இல் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. மென்சிங்கன் சபைக் கத்தோலிக்கக் கன்னியர் தம்மைச் சட்டப்படி கூட்டிணைக்குமாறு கொண்டுவந்த மசோதா யாப்புக்கு முரணானது என்று அது தீர்மானித்தது. கல்வியும் நோயாளர் பராமரிப்பும் மதப் பரப்பலோடு சேர்ந்து வருகின்றன என்பதே மன்றத்தின் கவலை. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அத்தீர்மானம் உரிமை மீறலெனக் கருத்துரைத்தது. 2008இல் மத அலுவல்கள் அமைச்சு, புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி வேண்டுமென்று ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது. சலுகை என்பது எல்லா மதங்களுக்கும் சமமாகப் பொழியும் மழை என்று எண்ணுவோர் இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பாராக. ஒல்லாந்தரின் பதிவேடு முற்றாக மூடப்படவில்லை. அதில் எழுதப்படும் மதத்தின் பெயரே மாறியிருக்கிறது.

ஆகவே எல்லாச் சலுகையையும் ஒரே வீச்சில் வெட்டிவிடலாமா? முசலியை அறிந்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். 1990 ஒக்டோபரில் விடுதலைப்புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முசலியின் பெரும்பான்மையோரான முஸ்லிம்களும் வீடும் வயலும் விட்டுப் புத்தளத்தை நோக்கி ஏதிலிகளாயினர். போன இடத்தில் அவர்களுக்குக் கதவு திறந்தவற்றுள் பள்ளிவாசல்கள் முன்னின்றன. அதே ஆண்டில் மடு மாதா கோயிலின் வளவு போரால் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோருக்குத் தஞ்சமாயிற்று. 1999 நவம்பரில் அங்கும் எறிகணை விழுந்து பலர் மாண்டனர். 2007இல் முள்ளிக்குளம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படையின் தளமாயிற்று, தேவாலயம் அத்தளத்துள் அகப்பட்டது. மக்கள் அண்டைக் காட்டில், மலங்காட்டில், குடிசை போட்டுக் காத்திருந்தனர். 2017 மார்ச்சில் தொடங்கிய அவர்களது அறப்போராட்டத்தின் பின்னர், ஏப்பிரலில் கடற்படை ஊரின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தது. அத்தனை ஆண்டுகளிலும் அவர்கள் சார்பிற் பேசக்கூடியதாக இருந்த நிறுவனங்களுள் திருச்சபையும் ஒன்று. தனியாளின் உறுதி செல்லாத இடத்தில் நிறுவனத்தின் குரல் செல்கிறது. சட்டம் அதற்கு ஒரு தனி மதிப்பைக் கொடுத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

எனவே நாம் வேறுபடுத்திப் பார்க்கவேண்டியவர்களாகிறோம். தொழுமிடம், அடக்கம் செய்யுமிடம், அகதிக்குத் திறந்த மண்டபம், கட்டணமில்லாப் பள்ளி ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கட்டும். அங்கே அரசு விட்டுக்கொடுப்பது மக்களிடமே வந்து சேர்கிறது, சவேரியாரின் கணக்கப்பிள்ளைக்கு வந்த காசைப்போல. கடைத்தெருவில் வாடகை வாங்கும் கட்டடத்துக்கும், குத்தகைக்கு விடப்பட்ட வயலுக்கும், தோப்புக்கும் விலக்கு எதற்கு? அங்கே மூலவர் யாராக இருந்தாலும் உறவு நிலக்கிழாருக்கும் குடியானவனுக்கும் உள்ள உறவே. பகுத்துப் பார்ப்பது எளிதன்று என்பர். கல்லை அரையாகப் பகுத்துக் கணக்கெழுதிய நாட்டில் இது கடினமானதா?

கணக்கைப் பற்றியும் ஒரு சொல். சைவக் கோயிலுக்கு 1917இன் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம். விகாரைக்கு 1931இன் சட்டம். பள்ளிவாசலுக்கு 1956இன் வக்பு சட்டம். கத்தோலிக்க மறைமாவட்டங்களுக்கு அவற்றைக் கூட்டிணைக்கும் தனிச் சட்டங்கள். விகாரையின் கணக்கும் பள்ளிவாசலின் கணக்கும் உரிய அதிகாரிக்கோ சபைக்கோ அனுப்பப்படவேண்டும் என்ற விதி உண்டு. விதி நல்லதே. ஆயின் அக்கணக்கு மேல்நோக்கிச் செல்கிறது. கொடுத்தவர் கண்முன் விரிக்கப்படுவது அருமை. ஆண்டு வரவு செலவைக் கோயில் மதிலில் எழுதியொட்டுக என்று கேட்கும் இளைஞன் எந்த மதத்தவனாயினும் நாத்திகன் என்றே பெயரெடுக்கிறான்.

முசலிச் சலாபத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. மாலையில் தோணிகள் கரை சேர்ந்ததும், கொட்டு என வழங்கிய வேலியிட்ட முற்றத்துக்குச் சிப்பி மூட்டைகள் கொண்டுசெல்லப்படும். அங்கே ஒவ்வொரு தோணியின் குளியாட்களும் தாம் எடுத்த சிப்பியைத் தாமே மூன்று குவியலாகப் பிரித்து வைப்பர். பிரிப்பவர் அவர், தெரிபவர் அரசின் கணக்கர். அவர் இரண்டு குவியலைச் சுட்டி அரசுக்கென்று ஒதுக்குவார், எஞ்சியது குளியாட்களுக்கு. எது தமக்கு எஞ்சும் என்று முன்கூட்டி அறியாமையால் குவியல்கள் மூன்றும் சமமாகவே இருக்கும். மூன்றில் ஒன்று நீதியான கூலியா என்பது வேறு வழக்கு. ஆயினும் பகுப்பு நடந்தது திறந்த முற்றத்தில், மூழ்கியெழுந்த உடம்பின் ஈரம் காயுமுன், எல்லாரும் பார்த்திருக்க.